வந்தால் மலை: கூட்டமில்லாத இடங்களில் வேலை தேட ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய வேலைத் தளம் ஒன்றில் ‘ஃப்ரெஷர்ஸ் விண்ணப்பிக்கலாம்’ என்று காலையில் ஓர் அறிவிப்பு வந்தால், சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் ரெஸ்யூம் குவிவது இன்று சாதாரணம். எச்.ஆரில் இருப்பவரால் அத்தனையையும் படிக்க முடியாது. கல்லூரி, மதிப்பெண், தேர்ச்சி பெற்ற ஆண்டு என்று சலித்துவிட்டு, மிச்சத்தைத்தான் திறப்பார். சிறிய ஊர்க் கல்லூரியில் படித்து, நடுவில் ஒரு வருட இடைவெளியும் விழுந்தவர் அந்தச் சல்லடையைத் தாண்டுவதே இல்லை. அவர் திறமை போதாது என்று யாரும் முடிவு செய்யவில்லை. அவரை யாரும் பார்க்கவே இல்லை.

வேலை தேடும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். அதே ரெஸ்யூமை ஆள் குறைவாக நிற்கும் வாசலுக்குக் கொண்டு போங்கள். முடிந்தால், உங்களை வேலை வாங்கப்போகிறவர் கையிலேயே சேர்த்துவிடுங்கள். தகுதி கொஞ்சம் குறைந்தாலும் கேட்டுப் பாருங்கள். மயிரைக் கட்டி மலையை இழுப்பது என்பார்கள். வந்தால் மலை, போனால் மயிர். தாராளமாக இழுக்கலாம். எந்த மலையை, எவ்வளவு நேரம் என்று மட்டும் தெரிந்து இழுக்க வேண்டும்.

முதலில் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

வழக்கமான விண்ணப்பங்களை விட்டுவிடாதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் வேலை தேடுகிறீர்கள் என்றால் மூன்றரை நாள் அதற்கு. ஒன்றரை நாள் இந்த வழிகாட்டியில் வரும் இடங்களுக்கு. இதற்கு மேல் போனால், நாள் முழுக்க எட்டாத வேலைகளுக்கே எழுதி, எதற்கும் பதில் வராமல், ஒரு மாதத்தில் மனம் விட்டுப்போகும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விண்ணப்பம் பலிக்க 2 சதவீத வாய்ப்புதான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் அனுப்பினால் அது வெறும் நப்பாசை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 50 விண்ணப்பங்கள் அனுப்பினால், குறைந்தது ஒன்றாவது பலிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 64 சதவீதம். ‘தொடர்பில்லாத’ என்பதைக் கவனியுங்கள். உங்கள் ரெஸ்யூமில் ஒரே கோளாறு இருந்தால் 50-ம் அதே காரணத்துக்காக ஒன்றாக விழும். ஆகவே பத்து அனுப்பியதும் நிறுத்துங்கள். ஒரு பதிலும் இல்லையா? கடிதத்தையோ ரெஸ்யூமையோ மாற்றிவிட்டு அடுத்த பத்தை அனுப்புங்கள். மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கே முயலலாம், எங்கே கூடாது

டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, மத்திய அரசுப் பணி ஆகியவற்றில் வயதும் கல்வித் தகுதியும் விதிகள். ஒரு நாள் வயது கூடியிருந்தாலும் நிராகரிப்புதான். அங்கே ‘கேட்டுப் பார்ப்போம்’ என்பது தேர்வுக் கட்டணத்துக்கு நஷ்டம். நர்சிங் கவுன்சில் பதிவு, கனரக ஓட்டுநர் உரிமம் போலச் சட்டம் கேட்கும் தகுதிகளும் அப்படியே.

தனியார் நிறுவனத்தின் அறிவிப்பு வேறு வகை. அதில் இருப்பது பெரும்பாலும் ஆசைப் பட்டியல். ‘மூன்று வருட அனுபவம்’ என்று போட்டிருந்தால், ஒரு வருட அனுபவமும் காட்ட ஒரு நல்ல வேலை மாதிரியும் உள்ளவர் தயங்காமல் போடலாம். எட்டு வருடம் என்றால் விட்டுவிடுங்கள். அது வேறு நாற்காலி. என் அளவுகோல்: அறிவிப்பில் சொன்ன வேலைகளில் பாதியைச் செய்ய முடியும் என்று ஆதாரத்தோடு காட்ட முடிந்தால் விண்ணப்பியுங்கள்.

தொழிற்பேட்டை வாசல்

யாரும் வேலைத் தளமாக நினைக்காத, ஆனால் தமிழ்நாட்டில் நிஜமாகவே பலிக்கக்கூடிய இடம் இது. கோவை, ஓசூர், அம்பத்தூர், திருப்பூர், கரூர் பக்கம் ஐம்பது, நூறு பேர் வேலை செய்யும் கம்பெனிகள் ஏராளம். அவற்றில் பல ஆன்லைனில் காசு கட்டி விளம்பரம் செய்வதில்லை. கேட்டில் ‘ஆட்கள் தேவை’ என்று ஒரு ஃப்ளெக்ஸ், உள்ளே வேலை செய்பவர்களிடம் ‘தெரிஞ்ச பையன் இருந்தா சொல்லுங்க’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

இந்தக் கம்பெனிகளின் பட்டியல் தொழிலதிபர் சங்கங்களிடம் இருக்கிறது. கோவையில் கொடிசியா, அம்பத்தூரில் எய்மா, திருப்பூரில் ஏற்றுமதியாளர்கள் சங்கம். உறுப்பினர் விவரங்களைச் சங்கத்தின் இணையதளத்திலோ அலுவலகத்திலோ கேட்டுப் பாருங்கள். உங்கள் படிப்புக்கு ஒத்துவரும் முப்பது கம்பெனிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கண்காட்சிகள். கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக், எய்மா சென்னை வர்த்தக மையத்தில் நடத்தும் ஆக்மி போன்றவற்றில் கம்பெனி முதலாளியே ஸ்டாலில் நிற்பார். கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வாடிக்கையாளர் குறைவாக இருக்கும் வேலைநாள் மதியத்தில் போங்கள். போனதும் ரெஸ்யூமை நீட்டாதீர்கள். அங்கே வைத்திருக்கும் மெஷினைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள், விசிட்டிங் கார்டு வாங்குங்கள், மறுநாள் அந்த உரையாடலைக் குறிப்பிட்டு மெயில் போடுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பிடி உண்டு. 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் விதிகள் 2019-ல் திருத்தப்பட்டன. அதன்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ்களை எடுத்தாக வேண்டும். பட்டதாரி, டிப்ளமோ அப்ரென்டிஸ்களுக்கான தேசியத் திட்டத்தில், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கு இதை நடத்தும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் தளமான நாட்ஸில் பதிந்துவிட்டு, ‘நான் நாட்ஸில் பதிந்திருக்கிறேன், ஒரு வருட அப்ரென்டிஸாகச் சேரத் தயார்’ என்று எழுதுங்கள். ‘வேலை காலி இல்லை’ என்று சொல்லத் தயாராக இருந்தவரும் யோசிப்பார். அவருக்கும் ஒரு கடமை நிறைவேறுகிறது. ஒரு வருடம் கழித்து வேலை தருவார்கள் என்ற உறுதி கிடையாது. ஷாப் ஃப்ளோர் அனுபவம் உறுதி.

ஆராய்ச்சி நிலையங்களின் நோட்டீஸ் போர்டு

அறிவியல், பொறியியல், வேளாண்மை, புள்ளியியல், சமூகப்பணி படித்தவர்கள் இதை வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் திட்டப் பணியிடங்கள், அடையாறு சி.எல்.ஆர்.ஐ. (தோல் ஆராய்ச்சி), தரமணி எஸ்.இ.ஆர்.சி. (கட்டமைப்புப் பொறியியல்), காரைக்குடி செக்ரி (மின்வேதியியல்), கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம், திருச்சி வாழை ஆராய்ச்சி மையம், சென்னையில் காசநோய்க்கும் தொற்றுநோயியலுக்குமான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) நிறுவனங்கள் எல்லாம் தற்காலிகத் திட்டங்களுக்கு ஆள் எடுக்கின்றன. அறிவிப்பு ஒரு பி.டி.எஃப்.பாக அவர்களுடைய தளத்தின் மூலையில் கிடக்கும். பல நேரம் எழுத்துத் தேர்வு இல்லை, நேர்முகம் மட்டும்.

ஆராய்ச்சியாளர் வேலை மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள். லேப் டெக்னீஷியன், களப் பணியாளர், டேட்டா என்ட்ரி, திட்ட உதவியாளர் இடங்களும் வரும். நெட், கேட் தேர்ச்சியோடு இளநிலை ஆராய்ச்சியாளர் (ஜே.ஆர்.எஃப்.) இடம் கிடைத்தால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், நிரந்தரம் கோர முடியாது என்று அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள். அதைத் தெரிந்தே சேருங்கள். வயது, கல்வித் தகுதி இங்கேயும் கறார்.

தொண்டு நிறுவனங்களும் அரசுத் தளங்களும்

டெவ்நெட் ஜாப்ஸ் இந்தியா, என்.ஜி.ஓ. பாக்ஸ் என்ற இரண்டு தளங்களிலும் தொண்டு நிறுவன வேலைகள் வருகின்றன. ஐ.நா. நடத்தும் ரிலீஃப்வெப் பன்னாட்டு நிவாரணப் பணிகளுக்கானது. சமூகப்பணி படித்தவர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தால் பி.காம். படித்தவர்கள் இங்கே வருவதில்லை. தொண்டு நிறுவனங்களுக்கும் கணக்கர் வேண்டும், வெளிநாட்டு நிதிக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) கணக்கு எழுதத் தெரிந்தவர் வேண்டும்.

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையம், மத்திய அரசின் தேசிய வாழ்க்கைத் தொழில் சேவைத் தளம், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டு மையம் நடத்தும் முகாம்கள் எல்லாம் இலவசம். முகாமுக்குப் போனால் வரிசை நீளமாக இருக்கும் பெரிய பெயர்களை விட்டு, ஆளே இல்லாத மேஜைகளிலிருந்து தொடங்குங்கள்.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு

ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்யும் ஒய் காம்பினேட்டர் நடத்தும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில் ‘யார் ஆள் எடுக்கிறார்கள்?’ என்று ஒரு பதிவு வரும். அதன் கீழே நிறுவனங்களே நேரடியாக எழுத வேண்டும். இடைத்தரகர்களுக்கு அனுமதி இல்லை. பல பதிவுகளில் நிறுவனரே தன் மெயில் முகவரியைக் கொடுத்திருப்பார். பார்ப்பதற்கு வெறும் எழுத்துக் குவியல், வடிகட்டி எதுவும் கிடையாது. பக்கத்துக்குள் ‘இந்தியா’, ‘எங்கிருந்தும்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பிடியுங்கள். ‘ரிமோட்’ என்று போட்டு அருகிலேயே அமெரிக்கா மட்டும் என்று எழுதியிருப்பவை நிறைய. அவற்றில் நேரம் போக்காதீர்கள். அதே நாளில் ‘யாருக்கு வேலை வேண்டும்?’ என்ற பதிவும் வரும். அதில் உங்களைப் பற்றி நாலு வரி போடுங்கள். ஸ்டார்ட்அப் வேலைகளுக்கு வெல்ஃபவுண்ட், வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளுக்கு வி வொர்க் ரிமோட்லி, ரிமோட் ஓகே ஆகியவையும் உண்டு. ஆனால் கடைசி இரண்டிலும் உலகமே வந்து நிற்கும் என்பதை மனத்தில் வையுங்கள்.

இதைவிட நான் அதிகம் நம்புவது திறந்த மூல மென்பொருளில் கை வைப்பதை. நீங்கள் சேர விரும்பும் நிறுவனம் கிட்ஹப்பில் ஏதாவது வெளியிட்டிருந்தால், அதில் புதியவர்களுக்கு என்று குறிக்கப்பட்ட ஒரு சின்னப் பிழையைச் சரிசெய்து அனுப்புங்கள். அதைச் சரிபார்ப்பவர் அந்தக் குழுவின் பொறியாளர். உங்கள் பெயரையும், நீங்கள் நிரல் எழுதும் விதத்தையும், திருத்தம் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதையும் ரெஸ்யூம் போகும் முன்பே அவர் பார்த்துவிடுகிறார். திறந்த மூலப் பயிற்சித் திட்டமாக 2005-ல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோடில் 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம். தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கப்பட்டவர்களுக்காக நடக்கும் அவுட்ரீச்சி மூன்று மாதப் பயிற்சிக்கு 7,000 டாலர் தருகிறது. சென்னையில் இருப்பவர்கள் பைத்தான் நிரலாளர்களின் சென்னைபை, லினக்ஸ் பயனர் குழு போன்றவற்றின் கூட்டங்களுக்குப் போகலாம். பேச்சு முடிந்தபின் நடக்கும் பேச்சில்தான் ‘எங்க டீம்ல ஒரு ஆள் வேணும்’ என்பது காதில் விழும்.

கடிதம்

இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ‘மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்வேன்’ என்று தொடங்கும் கடிதத்தில் படிப்பவருக்கு ஒரு தகவலும் இல்லை.

முதலில் யாருக்கு எழுதுவது என்று தெரிய வேண்டும். கம்பெனியின் போர்டு நம்பருக்குப் போன் போடுங்கள். ‘வணக்கங்க, உங்க குவாலிட்டி ஹெட்டுக்கு ஒரு மெயில் அனுப்பணும்ங்க, அவர் பேரும் மெயில் ஐடியும் சொல்ல முடியுங்களா?’ இவ்வளவு போதும். வேலை கேட்கிறேன் என்று அவர்களாகக் கேட்காமல் சொல்ல வேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பொருள் வரி: ‘தர ஆய்வாளர் பணி – டிப்ளமோ மெக்கானிக்கல், உடனே சேரலாம்.’ கீழே:

‘வணக்கம். கண்காட்சியில் உங்கள் ஸ்டாலில் பால் வால்வு கட் செக்‌ஷனைப் பார்த்தேன். கல்லூரி புராஜெக்டில் இதே அளவு வால்வு பாடியின் சீட் பகுதியை அளந்து, ரிஜெக்‌ஷனுக்கான காரணங்களைப் பிரித்து ஒரு ரிப்போர்ட் தயாரித்தோம். ஒரு பக்கச் சுருக்கத்தை இணைத்துள்ளேன். வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ் பயன்படுத்தத் தெரியும். சி.எம்.எம். பார்த்திருக்கிறேன், தனியாக இயக்கியதில்லை. ஷிஃப்டில் வரத் தயார். பத்து நிமிடம் நேரில் பார்க்க இந்த வாரம் எப்போது வரலாம்?’

அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் வரி அவர்களுடைய பொருளைப் பற்றியது. இரண்டாவது, திறந்து பார்க்கக்கூடிய ஆதாரம். தெரியாததை ஒளிக்கவில்லை, ‘தனியாக இயக்கியதில்லை’ என்ற வரி மற்ற வரிகளையும் நம்ப வைக்கிறது. கடைசியில் கேட்பது வேலையை அல்ல, பத்து நிமிடத்தை. நூறு வார்த்தையைத் தாண்டக் கூடாது. மெஷின் சத்தத்துக்கு நடுவே போனில் படிக்கப்போகிறார். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே சுருக்கம், இதே வரிசை. அந்த ஒரு பக்க இணைப்புக்குத்தான் அதிக நேரம் செலவிடுங்கள். திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலைக்கு என்றால் ஒரு டி-ஷர்ட்டின் காஸ்டிங் ஷீட்; கணக்கர் வேலைக்கு என்றால் மாதிரி எண்களோடு ஒரு ஜி.எஸ்.டி. சரிபார்ப்பு அட்டவணை.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே மெயிலின் மேலேயே இரண்டு வரி நினைவூட்டுங்கள். அதற்கும் இல்லையென்றால் ஆறு மாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம். அனுப்பிய தேதி, யாருக்கு, எந்த வகைக் கடிதம், என்ன பதில் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்துக்கு ஒருமுறை எதை மாற்றுவது என்று அந்த நோட்டுதான் சொல்லும்.

தூரத்துப் பழக்கம்

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் புது வேலை பிடித்தவர்களிடம், வழிகாட்டிய அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். 1973-ல் வெளியான அவர் கட்டுரையின் கணக்கு: அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது 55.6, அரிதாக 27.8. காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த வேலை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் சீனியரான அண்ணன், பழைய தெருவில் குடியிருந்த அக்கா, டியூஷன் எடுத்த மாஸ்டர் இவர்கள் வேறு வட்டத்தில் இருப்பவர்கள். ‘ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா’ என்று கேட்டால் அவருக்கு என்ன தேடுவதென்று தெரியாது. ‘ஓசூர் பக்கம் குவாலிட்டி இல்லன்னா மெயின்டனன்ஸ்ல அப்ரென்டிஸ் எடுப்பாங்களாண்ணா? யார்கிட்ட பேசலாம்?’ என்று கேட்டால் ஒரு பெயராவது கிடைக்கும்.

ஆள் குறைவான இடத்தில் மோசடியும் உண்டு

இதை அலட்சியம் செய்யாதீர்கள். 2022-ல் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடி பகுதியில் சைபர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். அரசு தலையிட்டு மீட்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு வேலைக்கு டூரிஸ்ட் விசாவில் போகச் சொன்னால் அந்த நிமிடமே பேச்சை நிறுத்துங்கள். ஏஜென்ட் உரிமம் உள்ளவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். உரிமம் பெற்ற ஏஜென்டும் 30,000 ரூபாய்க்கும் அதன் ஜி.எஸ்.டி.க்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. வெளிநாட்டுக்கே முயல்வதென்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் பதியுங்கள்.

உள்ளூரிலும் பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் சம்பளம் என்பதெல்லாம் பணத்தைக் கறக்கும் வழி. கம்பெனியின் பெயரைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

அழைப்பு வந்தால்

தகுதி குறைவு என்று தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். ‘மூன்று வருடம் கேட்டிருந்தோம், உங்களுக்கு ஒன்றுதானே?’ என்றால், ‘ஆமாம் சார். அந்த ஒரு வருடத்தில் இந்த வேலையைத் தனியாகச் செய்திருக்கிறேன். இதை இன்னும் கற்க வேண்டும், இரண்டு மாதம் ஆகும்’ என்று நேராகச் சொல்லுங்கள்.

சிறிய கம்பெனியில் வேலை கிடைத்தால் சம்பளத்தோடு இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம் பி.எஃப். சட்டத்துக்குள் வரும்; மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. அடுத்த கம்பெனி உங்கள் அனுபவத்தைச் சரிபார்க்கும்போது பலமுறை பார்ப்பது பி.எஃப். பதிவைத்தான். அதனால் முதல் மாதச் சம்பளம் வந்ததும் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, சேர்ந்த தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்று பி.எஃப். தளத்தின் உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.